கோர்ட் கலையும் வரை

சிறை என்ற சொல் மட்டும்தான் அர்த்தநாரியின் காதில் விழுந்தது. மாஜிஸ்ட்ரேட் அம்மா அதற்கு முன்னால் என்ன படித்தார், பின்னால் என்ன படித்தார் என்பதெல்லாம் மின்விசிறிச் சத்தத்தோடு போய்விட்டது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முழங்கையை ஏட்டு வந்து தொட்டார். "செயிலுக்கெல்லாம் இல்லீங்க பெரியவரே, பயப்படாதீங்க. ஆயிரம் ரூபா அபராதம், கோர்ட் கலையற வரைக்கும் சிறை. அந்தா, அந்தப் பெஞ்சுதான் உங்களுக்குச் செயிலு. அம்மா சாயங்காலம் எந்திரிச்சு உள்ள போற வரைக்கும் அதுல உக்காந்திருந்தாப் போதும்." அப்படி ஒரு தண்டனை இருப்பதே அர்த்தநாரிக்கு அறுபத்து நாலு வயது வரை தெரியாது. கோழிப்பண்ணையில் முப்பது வருசம் தீவன மூட்டை சுமந்தவனுக்கு உட்காருவது ஒரு தண்டனையா என்று முதலில் சிரிப்புக்கூட வந்தது. பெஞ்சு பின்சுவரை ஒட்டி, சன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தது. உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு, கோர்ட்டில் அப்படி உட்காரக்கூடாதோ என்று மறுபடி இறக்கிவிட்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. வேலியோரப் பூவரச மரத்தடியில் அங்கமுத்து உட்கார்ந்திருந்தார். அர்த்தநாரியின் தங்கை பாவாயியைக் கட்டியவர், அடி வாங்கியவர். கேஸ் முடிந்துவிட்டது, அவருக்கு இனி இங்கே ஒரு வேலையும் இல்லை, பஸ் ஏறிப் போயிருக்கவேண்டும், போகவில்லை. வெளியே போக ஒரே வாசல்தான். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில்தான் அந்த மரம். கோர்ட் கலைந்ததும் அந்த ஆளைத் தாண்டித்தான் போகவேண்டும். பதிமூன்று வருசமாக முகம் கொடுத்துப் பேசாத ஆள். தாண்டும்போது முகத்தைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா? அவர் ஏதாவது சொன்னால் என்ன செய்வது? இந்தக் கை மறுபடி எழும்பிவிட்டால்? மணி பதினொன்று முப்பத்தைந்து. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்பதுதான் ஒரே ஆறுதல்.

வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறான், வேறென்ன. கூண்டில் நிற்கிறபோது பார்த்தது போதாது, பெஞ்சில் குந்தவைத்திருப்பதையும் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்லவேண்டும். இந்த நினைப்பு வந்ததும் அர்த்தநாரிக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. பகை ஒரு ஊன்றுகோல் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்காரலாம். காலையில்கூட அப்படித்தான் நிமிர்ந்து நின்றார். டவாலி வாசலில் நின்று "அங்கமுத்து, அங்கமுத்து, அங்கமுத்து" என்று மூன்று தடவை கத்தினான். அந்த ஆள் நாலடி தூரத்தில் நின்றுகொண்டு அசையவில்லை. பக்கத்திலிருந்தவன் தோளைத் தட்டிய பிறகுதான் திரும்பினார். கூப்பிட்டவுடனே வந்துவிட்டால் கௌரவம் குறைந்துபோகும். அப்புறம் உள்ளே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாஜிஸ்ட்ரேட் அம்மாவைக் கும்பிட்டு, "ராஜி ஆயிக்கறேனுங்கம்மா. என்ற மச்சானுங்க அவரு" என்றார். அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பி, "என்ன பெரியவரே, அவரே சமாதானமாப் போறேங்கறாரு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா கேஸ் இன்னிக்கே முடிஞ்சுது, உங்க மேல குற்றமே இல்லைன்னு ஆயிரும்" என்று சொன்னார். இலவச வக்கீலாக வந்த பையன் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பொண்டாட்டி அத்தாயி, "ராஜின்னா தலையை ஆட்டிட்டு வந்து சேருங்க, உங்க வீறாப்பை அங்க காட்டாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் "என்ற மச்சானுங்க" என்று அந்த ஆள் சொன்னது தேள் கொட்டின மாதிரி இருந்தது. இவன் மன்னிப்பான், நான் வெளியே வருவேன், சாகிற வரைக்கும் இவன் விட்ட பிச்சையில் நடமாடவேண்டும். "ராஜியெல்லாம் வேண்டாமுங்க. அடிச்சது அடிச்சதுதான். தண்டனை குடுங்க." வக்கீல் பையன் "அய்யோ, பெரியவரே" என்று காதோரம் பல்லைக் கடித்தான். மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிசம் பார்த்தார். அந்த ஒரு நிமிசம் அர்த்தநாரிக்கு ராசா மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் அந்த அம்மா பார்த்த பார்வை, தொட்டியில் தண்ணீர் இருக்கக் குடிக்கமாட்டேன் என்று நிற்கும் கிழமாட்டைப் பார்ப்பதுபோல இருந்திருக்கலாம்.

எல்லாம் ஒரு பத்திரிகையால் வந்தது. பதிமூன்று வருசத்துக்கு முன்னால் அங்கமுத்துவின் மகன் சதாசிவத்துக்குக் கல்யாணம் வைத்தபோது அடித்த பத்திரிகை. அர்த்தநாரிக்கு இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது; எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஆனால் தன் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த வடிவத்தை எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவார், ஓட்டர் பட்டியலில், ரேஷன் அட்டையில். தாய்மாமன் என்று போட்டு அதற்குக் கீழே தன் பெயர் இருக்கும் என்று பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். மறுபடி கீழிருந்து மேலே. மஞ்சள் தடவின ஓரம் விரலில் ஒட்டியது. டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வாத்தியாராக இருக்கும் தம்பி பொன்னுச்சாமியின் பெயர் இருந்தது, பட்டத்தோடு இருந்தது. மூத்தவன் பெயர் இல்லை. படித்தவன் இரண்டு தடவை படித்துவிட்டு, "அச்சுக்காரன் உட்டுட்டான் போல இருக்குதுங்கண்ணா" என்று பத்திரிகையை மடித்து நீட்டினான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் இரண்டு பேர் செத்தே போனார்கள். அன்றைக்குப் பொழுதாவதற்குள் அங்கமுத்து வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார், பாவாயியையும் கூட்டிக்கொண்டு. "மச்சான், பையன் எழுதிக் குடுத்ததுல விட்டுப்போச்சுங்க. நான் பாக்காம விட்டது தப்புத்தான்" என்று இன்னொரு பத்திரிகையை நீட்டினார். அதில் தம்பி பெயருக்கு மேலே நீல மசியில், கோணல் எழுத்தில், பேனாவால் அர்த்தநாரியின் பெயர் எழுதியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அச்சில், எனக்கு மட்டும் பேனாவிலா? பத்திரிகையை வாசலில் வீசினார். பாவாயி குனிந்து பொறுக்கினாள். பொறுக்கி மண்ணைத் துடைத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதுதான் கடைசியாக அவள் இந்த வாசலில் நின்றது. கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாதது பெரிய வெற்றி மாதிரி கொஞ்ச நாள் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கூண்டில் யாரோ சொன்னது கேட்டு அர்த்தநாரி நிமிர்ந்தார். சாட்சிக் கூண்டில் ஒரு கறிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அரசு வக்கீல் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, "உங்க கடை முன்னாலதான் அடிச்சிருக்காங்க, உருட்டுக்கட்டையில, பார்த்தேன்னு போலீசுல சொல்லியிருக்கீங்க" என்றார். "நான் கறி வெட்டீட்டு இருந்தனுங்க. வெட்டறப்ப நிமுந்து பாத்தா விரல் போயிருமுங்க." கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது, டவாலி சத்தம் போட்டான். பிறழ்சாட்சி என்று அரசு வக்கீல் சொல்ல, மாஜிஸ்ட்ரேட் அம்மா எழுதிக்கொண்டார். கறிக்கடைக்காரர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். போகிறபோது அடித்தவன் பக்கமும் பார்க்கவில்லை, அடிபட்டவன் பக்கமும் பார்க்கவில்லை. அடிபட்டவன் தலைக் காயத்து வடுவை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடி என்பது இங்கே வந்தால் எவ்வளவு மெலிந்து போகிறது என்று அர்த்தநாரி நினைத்தார். ஒரு காகிதம், ஒரு தேதி, எந்தக் கை, எந்தக் கட்டை, எத்தனை அடி தூரம். சத்தம் இல்லை. அடிக்கிறபோது ஒரு சத்தம் வருமே, அதை யாரும் எழுதுவதில்லை. அன்றைக்கு வந்த சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. அதை நினைக்கவேண்டாம். கடிகாரத்தைப் பார். பன்னிரண்டரை. இன்னும் நினைக்கவேண்டாம்.

நினைக்காமல் இருக்க அவருக்கு ஒரு வழி உண்டு. தங்கைக்குத் தான் செய்ததையெல்லாம் எண்ணுவார். பாவாயிக்கு மூன்று வயதாக இருக்கும்போது தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் நோம்பிக்குப் போனது. அவள் கல்யாணத்துக்கு இரண்டு வருசம் இரட்டைச் சுமை தூக்கியது. ஆனால் எண்ணிக்கொண்டே போனால் கடைசி நாலு மாதத்துக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். வயிற்றில் கட்டி என்றார்கள். சந்தையில் பாவாயியைப் பார்த்துவிட்டு வந்த அத்தாயி, "கண்ணு உள்ள போயிருச்சுங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க, அண்ணன் வருமான்னுதான் கேக்கறா" என்றாள். நோம்பி முடியட்டும் என்றார். நோம்பி முடிந்தது. மழை நிற்கட்டும் என்றார். மழை நின்றது. அவன் ஒரு தடவை வந்து கூப்பிடட்டும் என்றார். அவர் கூப்பிடவில்லை என்பது பொய். சதாசிவத்தை அனுப்பினார், அர்த்தநாரி வீம்பாகக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மைல் தூரம். சைக்கிளில் போனால் வியர்க்காது. நாலு மாதத்தில் எத்தனை நாள், எத்தனை சாயங்காலம், அத்தனை சாயங்காலமும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். பெஞ்சில் அர்த்தநாரி நெளிந்தார். ஏட்டு திரும்பிப் பார்த்து, "மூட்டைப்பூச்சிங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினார்.

செத்த வீட்டுக்குப் போனார். போகாமல் இருக்க முடியாது, பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள், அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். பச்சைக் கரை போட்ட சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அத்தாயி பின்னால் வர அர்த்தநாரி பந்தலுக்குள் நுழைந்தபோது கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அங்கமுத்து தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்தார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா மச்சான்?" அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தையை இரண்டு வருசமாக அர்த்தநாரி மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குத்தலாகச் சொன்னால் அது குத்தல். நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொன்னால் அவமானம். ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் அப்பனைக் கேட்கிறமாதிரி, ஏங்க இவ்வளவு நேரம் என்று சொன்னால்? அப்படியும் சொல்லமுடியும் அதை. எப்படிச் சொன்னார்? அன்றைக்குக் குத்தலாகக் கேட்டது. கோர்ட்டுக்கு வருகிற பஸ்ஸில்கூடக் குத்தலாகத்தான் கேட்டது. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபிறகு அந்தக் குரலில் தண்ணீர் இருந்தமாதிரி இருக்கிறது. கை எழும்பியதை யாரும் பார்க்கவில்லை, அவரே பார்க்கவில்லை. மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அதே வேகத்தில் வலது கை போனது. கோடிச்சேலை கையை விட்டு எங்கே விழுந்தது? தண்ணீர் தெளித்த மண்ணில். கொட்டு நின்றது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். செத்தவளுக்குப் பக்கத்தில் அவள் புருசன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சதாசிவமும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அர்த்தநாரியை ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சேலையை எடுத்து உதறி, வாத்தியார் தம்பி போர்த்தினானாம். அவள் முகத்தை அர்த்தநாரி பார்க்கவே இல்லை. ஒரு மைல் தூரம் வந்தும் பார்க்கவில்லை. சதாசிவம்தான் போலீசுக்குப் போனான். அம்மாவை எடுத்துப்போட்ட கையோடு போனான். அவனுக்கு அர்த்தநாரியிடம் கோபம் இருக்கலாம். அவனுக்கு இருக்கலாம்.

இரண்டு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் அம்மா எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தடியைப் பார்க்காமல் நடப்பது என்று முடிவு செய்து, இரண்டடி வைத்தார். "எங்கங்க கெளம்பீட்டீங்க?" என்று ஏட்டு மடக்கினார். "கலைஞ்சுதுங்களே." "அது சோத்துக்கு எந்திரிச்சது பெரியவரே. அம்மா சாப்பிட வேண்டாமுங்களா? உக்காருங்க, உக்காருங்க." பக்கத்தில் நின்ற குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தான். அர்த்தநாரி மறுபடி உட்கார்ந்தார். வெட்கத்திலும் பசி எடுக்கிறது; சர்க்கரைக்காரன் உடம்பு, நேரத்துக்குச் சோறு போகாவிட்டால் கை நடுங்கும். கொஞ்ச நேரத்தில் ஏட்டு வெளியே போய்விட்டு வந்து ஒரு பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தார். எலுமிச்சம்பழச் சோறும், இலையில் மடித்த கத்தரிக்காய்ப் பொரியலும். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு அர்த்தநாரி கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். விரலைக்கூட நக்கினார். "எவ்வளவுங்க ஆச்சு?" என்று மடியில் கைவிட்டபோது ஏட்டு, "நானெங்க வாங்குனேன்? உங்க மாப்பிள்ளைதான், வெளிய உக்காந்திருக்கறாரே, அவரு குடுத்தனுப்புனாரு. ஏன் இன்னும் போகலீன்னு கேட்டேன். மச்சானுக்குச் சக்கரை இருக்குது, ரொம்ப நேரம் உக்காந்தாக் கால் மரத்துப்போகும், ஒத்தையில பஸ் ஏறமாட்டாருங்கறாரு" என்றார். அர்த்தநாரியின் கை மடியிலேயே நின்றது. சர்க்கரை வந்தது பேச்சு நின்றதற்கு அப்புறம். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்? அத்தாயியிடம் கேட்டிருக்கவேண்டும். எச்சில் இலையை எங்கே போடுவது என்று தெரியாமல் மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வயிறு நிறைந்திருந்தது. வயிற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சன்னலைப் பார்க்க முடியவில்லை.

சோற்றுக்கு அப்புறம் ஒரு டாக்டர் வந்தார். ஆட்டுக்கிடா வேலி தாண்டியதில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட கேசு. டாக்டர் சாட்சிக் கூண்டில் நின்று காகிதத்தைப் பார்த்து, முன்பல் ஒன்று விழுந்திருந்தது என்றார். எதிர்ப்பக்க வக்கீல், அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்றார். ஆடினாலும் பல் பல்தான் என்று அரசு வக்கீல் சொன்னார். சாதாரண காயமா, கொடுங்காயமா என்று இரண்டு பேரும் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அர்த்தநாரி ஏட்டின் பக்கம் சாய்ந்து, "அதென்னங்க கொடுங்காயம்?" என்று கேட்டார். பேசினால் கொஞ்சம் நேரம் போகும் என்றுதான் கேட்டார். ஏட்டு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். "எலும்பு உடைஞ்சா, பல்லு விழுந்தா, கண்ணு போனா, காது கேக்காமப் போனா அதெல்லாம் கொடுங்காயமுங்க. ஏழு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். உங்களுது சாதாரணம். கன்னத்துல வீக்கம்னுதான் எழுதியிருக்குது. அதனாலதான் இந்தப் பெஞ்சோட போச்சு." ஏட்டு, அவருக்கே ஏதோ ஞாபகம் வந்தவராக, இன்னும் தணிந்த குரலில் பேசினார். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிட்டுப் போனது நாந்தானுங்க. எடது காதுல ரத்தம் வடிஞ்சுட்டு இருக்குது. டாக்டரு ரெண்டு மூணு தடவை கேட்டாரு, இந்தக் காது எப்படி, பேசறது புரியுதான்னு. நல்லாப் புரியுதுங்க, வீக்கம்தானுங்கன்னே சொல்றாரு. வாயைப் பாத்துட்டே பதில் சொல்றாருங்க. நான் ஜீப்புல அந்தப் பக்கமாத்தான் உக்காந்துட்டு வந்தேன், வழியெல்லாம் பேர் என்ன, வயசு என்னன்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு, ஒண்ணுக்கும் திரும்பல. பெரிய டாக்டர்கிட்ட எழுதித் தரட்டுமான்னாங்க. வேண்டாமுங்க, ஊட்டுல சாங்கியம் பாதியில நிக்குதுன்னு கெளம்பிட்டாரு. எனக்கென்ன, சொன்னதைத்தானே எழுதமுடியும்."

ஏட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். அர்த்தநாரிக்கு ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றது. காலையில் டவாலி கத்தியது. கதவுக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றவர் திரும்பாதது. போன தை மாதம் சந்தையில் வேண்டுமென்றே முதுகுக்குப் பின்னால் காறித் துப்பியது. அசையவே இல்லை, என்ன திமிர் என்று வீட்டுக்கு வந்து சொன்னது. ரேஷன் கடை. ரேஷன் கடையை நினைக்காதே. வரிசையில் அவருக்குப் பின்னால், இடது தோளுக்கு அருகில் நின்றுகொண்டு, "பொண்டாட்டியத் தின்னவன்லாம் முன்னால நிக்கறான்" என்று சொன்னது. பைக்குள் கையை விட்டபடி அவர் அப்படியே நின்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதில் சொல்ல வக்கில்லை என்று அர்த்தநாரி மீசையைத் தடவினார். செத்துப்போன காதோடு பேசி ஜெயித்திருக்கிறார். இரண்டு வருசமாக ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கையைப் பார்த்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கை, உள்ளங்கையில் இன்னும் எலுமிச்சை வாசம், அவர் வாங்கிக் கொடுத்த சோறு. இந்தக் கைக்கு ஏழு வருசம். டாக்டரிடம் காது போச்சுங்க என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெண்டாட்டியை எடுத்துப்போட்ட அன்றைக்கே, காதில் ரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டு, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க அந்த ஆளுக்கு என்ன பட்டது? யாருக்காக? எனக்காக இருக்காது. பாவாயிக்காக இருக்கும். அவள் அண்ணன் என்பதற்காக. அப்படியானால் அவள் நாலு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது அண்ணனைப் பற்றி இவரிடம் குறையே சொல்லவில்லை என்று ஆகிறது. குறை சொல்லியிருந்தால் இவர் இப்படிச் செய்திருக்கமாட்டார். அந்த இடத்தில் நினைப்பு நின்றுபோய், நகராமல், ஆணியில் மாட்டின வேட்டி மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது.

எழுந்து சொல்லிவிடலாம். மணி நாலேகால். எதிரே மாஜிஸ்ட்ரேட் அம்மா உட்கார்ந்திருக்கிறார், இங்கிருந்து பதினைந்தடி. அம்மா, அது சாதாரணக் காயம் இல்லீங்க, காதே போச்சுங்க, எனக்கு இந்தப் பெஞ்சு பத்தாதுங்க, மீதியையும் குடுங்க. சொல்லலாம். சொன்னால் நெஞ்சு லேசாகும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எவ்வளவு நேர்மையான மனுசன் என்பார்கள். அந்த நினைப்பில் ஒரு இனிப்பு இருந்தது. இனிப்பை உணர்ந்ததும் அர்த்தநாரிக்கு நாக்கு கூசியது. காலையில் தண்டனை குடுங்க என்று நிமிர்ந்து நின்றதும் இதே இனிப்புத்தானே. அவர் விட்டதை நான் வாங்கமாட்டேன் என்பதுதானே. பேனாவில் எழுதிக் கொண்டுவந்ததை வீசியதும் இதுதானே. சொன்னால் என்ன ஆகும்? அந்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டரிடம் ஏன் மறைத்தாய் என்று இதே கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். ஒரு காதால் கேட்டுக்கொண்டு, அரசு வக்கீலின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்வார். இரண்டு வருசமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை ஊர் முழுக்கத் தெரியவைக்கவேண்டுமா, என் நெஞ்சு லேசாவதற்கு? சொல்லாமல் இருந்தாலோ, இதைத் தூக்கிக்கொண்டே நடக்கவேண்டும். மூட்டை என்றால் இறக்கிவைக்க ஒரு இடம் இருக்கும். சொல், சொல்லாதே. சொல். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் கிறீச்சிட்டது. தன்னை அறியாமல் அர்த்தநாரி பாதி எழுந்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா நிமிர்ந்து, "என்ன பெரியவரே?" என்றார். கோர்ட்டே திரும்பியது. "ஒண்ணுமில்லீங்கம்மா." "பாத்ரூம் போகணுமா? ஏட்டு, கூட்டிட்டுப் போங்க." "வேண்டாமுங்கம்மா. உக்காந்துக்கறேனுங்க." உட்கார்ந்தார். அதற்கு முன்னால் ஒருபோதும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு உட்கார்வது என்பது முதுகெலும்பையே மடிப்பதுபோல இருந்தது.

ஐந்து இருபதுக்கு மாஜிஸ்ட்ரேட் அம்மா கடைசிக் காகிதக் கட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்து உள்ளே போனார். "போலாமுங்க பெரியவரே" என்றார் ஏட்டு. "இனிமேலாச்சும் கையைக் கட்டிட்டு இருங்க." கால் நிசமாகவே மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வெளியே வக்கீல்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், டைப் அடிப்பவர்கள் மேசைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆட்டுக்கிடா அண்ணனும் தம்பியும் தனித்தனி டீக்கடையில் நின்றார்கள். அங்கமுத்து மரத்தடியிலிருந்து எழுந்து வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, அர்த்தநாரி வெளியே வந்துவிட்டாரா என்று ஒரு தடவை பார்த்தார். பார்த்ததும் திரும்பி கேட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார், பின்னால் வருகிறவனுக்கு எட்டுகிற நடையில். பேச்சை எதிர்பார்க்காத முதுகு. அர்த்தநாரி நாலடி பின்னால், இடது பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். "மாப்பிள்ளை" என்றார். பதிமூன்று வருசத்துக்கு அப்புறம் அந்தச் சொல் நாக்கில் தட்டுப்பட்டு, பாதி மூச்சாகத்தான் வெளியே வந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். கூப்பிட்டாயிற்று, அவருக்குத்தான் கேட்கவில்லை. இதோடு விட்டுவிடலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று சந்தோசமாகத் துள்ளியது. தங்கையைப் போய்ப் பார்க்காததற்கும், கை நீட்டியதற்கும், எதற்கும் வராத அருவருப்பு அந்தத் துள்ளலின்மேல் அர்த்தநாரிக்கு வந்தது. நின்றார். மூட்டையை எக்கித் தூக்குகிறவன் மாதிரி அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

"மாப்பிள்ளே!"

வக்கீல்கள் திரும்பினார்கள். டீக்கடையில் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். வாசற்படியில் நின்ற ஏட்டு தொப்பியைக் கையில் வைத்தபடி திரும்பினார். காக்கை ஒன்று எழுந்து போனது. எல்லாருக்கும் கடைசியாக அங்கமுத்து திரும்பினார். இரண்டு எட்டில் கிட்டே வந்து, அர்த்தநாரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து லேசாக வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்:

"எதுக்குங்க மச்சான் இந்தக் கத்துக் கத்தறீங்க? பக்கத்துலதானே இருக்கறேன்."